பழைய எஞ்சினுக்கு ஃப்ளஷ்: டப்பாவைக் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

ஆயில் மாற்றுவதற்கு முன் எஞ்சினுக்குள் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, பழைய ஆயிலோடு வடித்துவிடும் திரவத்தை ‘எஞ்சின் ஃப்ளஷ்’ என்கிறோம். ஆயில் கடை, ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் பலரும் இதை விற்கிறோம். சிறிய டப்பா, கைக்கு அடக்கமான லாபம். ஆனால் எந்த எஞ்சின், எத்தனை வயது என்று கேட்காமல் கொடுத்தால், அந்த லாபம் ஒரு நல்ல வாடிக்கையாளரின் விலையாகிவிடும்.

நம் பகுதிக்கு இந்தப் பாடம் ஏன் வேண்டும்? 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. 2012ல் உச்சத்தைத் தொட்டது. அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் அப்போது டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே ஓடின. அவற்றில் பல இன்று அவசரத்துக்கு மட்டும் என்று மூலையில் நிற்கின்றன. கொஞ்ச நேரம் ஓடி, நன்றாகச் சூடேறுமுன் நிறுத்தப்படும் எஞ்சினில் ஈரம் வெளியேறாது. அந்த ஈரமும் புகைக்கரியும் பழைய ஆயிலும் சேர்ந்து சேறாகப் படியும். ஆகவே, அதிகம் ஓடாத எஞ்சின் சுத்தமாக இருக்கும் என்று எண்ணுவது தவறு.

ஃப்ளஷ் செய்யும் வேலை

ஃப்ளஷ் பெரும்பாலும் மெல்லிய கரைப்பானும், அழுக்கை இளக்கும் மருந்தும் சேர்ந்தது. படிந்த கசடு இளகி ஆயிலோடு கலந்து வடிந்துவிட்டால் நல்லது. கனத்துப் படிந்த கசடோ முழுவதும் கரைவதில்லை; கட்டி கட்டியாகப் பெயர்கிறது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை உண்டு. கட்டிகள் அங்கே போய் அடைத்தால் பம்புக்கு ஆயில் ஏறாது, பிரஷர் இறங்கும், கிராங்க் மெட்டல் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் அடைத்தாலும் ஆபத்தே. அப்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். இன்னொன்று: காய்ந்து இறுகிப்போன பழைய சீல்களில் கசடே அடைப்பாக நின்றிருக்கும். அது கரைந்ததும் ஆயில் கசியத் தொடங்கும். “நீங்கள் கொடுத்த மருந்தால்தான்” என்று ஆள் நம் கடைக்கு வருவார்.

படகு எஞ்சின் தரும் பாடம்

நமக்குக் கடல் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் எஞ்சின் செய்யும் கிர்லோஸ்கர், அசோக் லேலண்ட், கம்மின்ஸ் போன்ற கம்பெனிகளே படகு எஞ்சினும் செய்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. எஞ்சின் பராமரிப்புக்கு அதுவே காலம். படகில் எஞ்சின் தாழ்வாக அமர்ந்திருப்பதால், பல படகுகளில் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்ற இடம் இராது. டிப் ஸ்டிக் குழாய் வழியே கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுப்பார்கள். அடியில் ஒரு பங்கு தங்கிவிடும். ஃப்ளஷ் போட்டால் இளகிய கசடும் மருந்தும் அந்த மிச்சத்தில் நின்று புது ஆயிலோடு கலக்கும். முழுவதும் வடிக்க முடியாத எஞ்சினுக்கு ஃப்ளஷ் ஆகாது. சுவரோரம் மேடை கட்டி உட்காரவைத்த நம்மூர் ஜெனரேட்டருக்கும் இதே விதிதான்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. ஆயில் ஒழுங்காக மாற்றி வந்தீர்களா? ஆம் என்றால் ஃப்ளஷ் தேவையில்லை. டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கறுப்பது, அது கரியைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதன் அடையாளம்.

2. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் எப்படி இருக்கிறது? தார் போல் அப்பியிருந்தால் ஃப்ளஷ் கொடுக்க வேண்டாம். மெக்கானிக்கைக் கொண்டு சம்ப்பைக் கழற்றி, வலையையும் கையால் கழுவுவதே வழி. காப்பி நிறத்தில் பாலாகத் திரிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

3. எஞ்சினில் ஃபில்டர் உண்டா? கிணற்றுப் பாசனத்துக்கு ஓடிய பழைய ஆயில் எஞ்சின்கள் சிலவற்றில் ஃபில்டரே கிடையாது. அடியில் படிந்த கசடைக் கலக்கிவிட்டால் தடுத்து நிறுத்த எதுவுமில்லை. பக்க மூடியைத் திறந்து துணியால் துடைத்தெடுப்பதே மேல்.

4. ஆயில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? காருக்கு அளந்த டப்பா பெரிய ஜெனரேட்டருக்குப் போதாது. சிறிய எஞ்சினுக்கு மிகுதி. டப்பாவில் அச்சிட்டுள்ள அளவையும் நிமிடக் கணக்கையும் வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுங்கள். மருந்து உள்ளே இருக்கும்போது எஞ்சினை லோடு இல்லாமல் மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும். சூடு ஆறுமுன் முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

பழையதற்குப் பொறுமையே மருந்து

சந்தேகமான எஞ்சினுக்கு நாம் சொல்வது இது: சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை வடியுங்கள், புது ஃபில்டர் போடுங்கள், எஞ்சின் கம்பெனி சொன்ன தரத்தில் நல்ல டீசல் ஆயில் ஊற்றுங்கள். ஏ.பி.ஐ. தரம் ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கு, ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. வழக்கமான கெடுவில் பாதி ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றுங்கள். ஆயிலிலேயே அழுக்கு நீக்கும் மருந்து உண்டு. அது கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவரும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழைய கைவைத்தியத்துக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஆயில் நீர்த்துப் போனால் மெட்டலுக்கு நடுவே படலம் நிற்காது.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடலாகாது. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். நல்லாற்றுக்கும் நொய்யலுக்கும் நாம் ஏற்கெனவே கொடுத்த பாரம் போதும்.

ஷிப்மென்ட் நாளில் கரண்ட் நின்று, ஜெனரேட்டரும் நின்றால் வாடிக்கையாளர் இழப்பது ஒரு எஞ்சினை மட்டுமல்ல. “உங்கள் எஞ்சினுக்கு இது வேண்டாம், இரண்டு ஃபில்டர் எடுத்துப் போங்கள்” என்று சொல்லும் கடைக்காரரை அவர் மறக்க மாட்டார். சரக்கு விற்பது ஒரு நாள் வியாபாரம். நாணயம் விற்பது தலைமுறை வியாபாரம்.