சனிக்கிழமை ஓ.பி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் தொண்டு செய்வதால் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகள் இதையும் பார்த்துத்தான் சேர்க்கின்றன. இங்கே நீட், 720-க்கு எவ்வளவு என்பதோடு சரி. சான்றிதழுக்காகப் போக நினைப்பவர்கள் அந்த நேரத்தில் இயற்பியல் கணக்குப் போடலாம்.

நான் சனிக்கிழமைகளில் மருத்துவமனை ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போனது வேறு ஆசையில். ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். இந்தத் தெருக்காரர்கள் டாக்டர் முன்னால் வந்து உட்காருவதற்குள் என்னென்ன படுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

நீங்களும் போக நினைத்தால், மருத்துவமனையின் தலைமை மருத்துவரை நேரில் பார்த்து, என்ன படிக்கிறீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் வரமுடியும் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் கையெழுத்தோடு போவது நல்லது. எல்லா இடத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை முன்பே தொடங்கிவிடுங்கள். 3 ஊசியும் முடிய 6 மாதம் ஆகும்.

ஊசி, கட்டு, பி.பி. கருவி எதையும் தொடக் கூடாது. அப்புறம் என்ன வேலை என்கிறீர்களா? சீட்டு எழுதும் இடம் காட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, மாத்திரை வாங்கியவரிடம் எது காலையில், எது ராத்திரியில் என்று திரும்பச் சொல்ல வைப்பது. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக விளக்காமல் மருந்தாளுநரிடமே கூட்டிப் போங்கள்.

ஒரு சனிக்கிழமை, சர்க்கரை நோயுள்ள நெசவாளர் ஒருவர் பாதத்தில் புண்ணோடு வந்தார். "எப்ப வந்துச்சு தாத்தா?" என்றேன். "தெரியலம்மா. பேத்தி பாத்து சொன்னா. தறியில இருக்கற பொடவைய அறுத்துட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். குழித்தறியில் நாள் முழுக்கக் கால் இரண்டும் பள்ளத்துக்குள் மிதியைத்தான் மிதிக்கும்; கண் பாவின் மேலேயே இருக்கும். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால் வலியும் தெரியாது. பாதப்புண் பற்றி இரண்டு பக்கம் படித்திருந்தேன். தறிக்குழி அதில் இல்லை. புடவை முடிந்தால்தான் கூலி என்பதும் இல்லை. அதற்குப் பிறகு தெரிந்த நெசவாளர் யாரைப் பார்த்தாலும், ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைப் பாருங்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

மேல்சிகிச்சைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தால் பலர் அரண்டுவிடுவார்கள். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் வழியில்தான் அது இருக்கிறது. பழைய சீட்டுகள், ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தாலே பாதி பயம் போய்விடும். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். யாருக்கு என்ன நோய் என்று வீட்டில் அம்மா கேட்டாலும் சொல்லக் கூடாது. எங்கள் அம்மா கேட்டார், கோபித்தும் கொண்டார்.

வாரம் ஒரு காலை போதும். நீட் மே மாதம் என்பதால் மார்ச்சிலேயே ஓ.பி. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நின்றேன். "போறது சரி, உன் எடத்துக்கு ஒரு ஆளைச் சொல்லிட்டுப் போ" என்றார். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைக் கூட்டிப்போய் விட்டேன்.