உயிரும் வேண்டும், பிழைப்பும் வேண்டும்



2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. பஸ் நின்றது, சந்தை நின்றது, தறி நின்றது, திருவிழாவும் நின்றது. 21 நாள் என்று சொன்னது மே 3 வரை போயிற்று, பிறகு மே 17, பிறகு மே 31. அந்த நாட்களில் திண்ணைக்குத் திண்ணை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நோய் வந்து சாகிறதா, பட்டினி கிடந்து சாகிறதா?"

அந்த நெருக்கடி நிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. முடிந்த கதையை இப்போது எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்கலாம். கொள்ளைநோய் என்பது ஒருமுறை வந்து ஒழிந்து போகிற விருந்தாளி அல்ல. காய்ச்சலும் பயமும் வீட்டுக்குள் நுழைந்த பிறகு நிதானமாக யோசிக்க முடியாது. வீடு அமைதியாக இருக்கும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு நோயாளி இரண்டு பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு, நாலு பேர் எட்டு பேருக்கு. பத்தாவது சுற்றில் 1,024 பேர். கொரோனா முதலில் வந்த காலத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து நாள். ஆக, 50 நாளில் ஒன்று ஆயிரமாகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 100 நோயாளிகளால் 80 பேருக்குத்தான் கொடுக்க முடிகிறது. அந்த 80 பேரால் 64 பேருக்கு. இப்படியே போனால் பத்தாவது சுற்றில் மிஞ்சுவது சுமார் 11 பேர்தான்.

இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம் என்ன? ஊரையே பூட்டியது என்று நினைத்தால் தவறு. இரண்டாவது கணக்கிலும் ஜனங்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் குறைவாக, விலகி நின்று, காற்றோட்டமான இடத்தில், கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

ஆகவே தொற்று நோய்க் காலத்தில் மனுசர் மனுசரைச் சந்திப்பதும் குதிரில் இருக்கிற நெல் மாதிரி ஒரு கையிருப்பு. அளவுக்குள் எடுத்தால் அடுத்த அறுவடை வரை வரும். கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரத்தில் அள்ளி இறைத்துவிட்டு, நடவு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பக் கேட்டால் வராது. "திறப்பதா, மூடுவதா" என்று ஊரெல்லாம் சண்டை போட்டதில் இந்த உண்மை மறைந்து போயிற்று. ஓரிடத்தில் கூட்டத்தைக் குறைத்தால்தான் இன்னோர் இடத்தைத் திறந்து வைக்க முடியும். திருமணத்துக்கு 50 பேர், சாவு வீட்டுக்கு 20 பேர் என்று விதி போட்டபோது, "சொந்தபந்தத்தைப் பிரிக்கிறாங்களே" என்று மனம் வெதும்பியவர்கள் உண்டு. வருத்தம் வாஸ்தவந்தான். ஆனால் அங்கே மிச்சமானதுதான் வேறிடத்தில் வேலையாகவும் கூலியாகவும் திரும்பியது.

கூட்டம் எங்கே, காற்று எங்கே?

தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு மருந்து தெளித்தோம், பிளீச்சிங் பவுடர் தூவினோம். கை கழுவுவது என்றைக்கும் நல்லதுதான். ஆனால் கொரோனா முக்கியமாகப் பரவியது தெரு மண்ணால் அல்ல. மூச்சுக் காற்றால், அதுவும் அடைத்த இடத்துக் காற்றால். இது தெரிந்த பிறகு பல விஷயங்களை வேறு மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது.

நடவு வயலில் பதினைந்து பெண்கள் குனிந்து நடுகிறார்கள். மேலே வானம், சுற்றிலும் காற்று. ஆபத்து குறைவு. அதே பதினைந்து பேரைக் குட்டியானை வண்டியில் தார்ப்பாய் கட்டி நெருக்கி ஏற்றி அரைமணி நேரம் கொண்டுபோகிறார்களே, ஆபத்து அங்கேதான். வயலை மூட வேண்டியதில்லை. வண்டியை இரண்டு நடையாக அடித்தால் போதும், தார்ப்பாயைச் சுருட்டினால் போதும். 2020 ஏப்ரல் 20 முதல் நூறு நாள் வேலையை இடைவெளியோடு நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்ததும் இந்த நியாயத்தில்தான். அது திறந்தவெளி வேலை.

இதற்கு மாறாகச் சென்னை கோயம்பேட்டைப் பாருங்கள். காய்கறி இல்லாமல் ஊர் சாப்பிட முடியாது. ஆகவே ஊரடங்கிலும் சந்தை நடந்தது. அது சரியான முடிவே. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் தோளோடு தோள் உரச ஒரே வளாகத்தில் நடந்தது. நோய் பரவி, 2020 மே 5 அன்று சந்தையை மூடும்படி ஆயிற்று. அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். நோயும் கூடவே போயிற்று. பிறகு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியது. முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால் வியாபாரமும் நின்றிருக்காது, இத்தனை ஊருக்கு நோயும் போயிருக்காது.

இதே காலத்தில் நம் ரேஷன் கடைகளில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வாங்க எல்லோரும் ஒரே நாளில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும்? வீட்டுக்கு வீடு டோக்கன் கொடுத்து, இன்ன நாள், இன்ன நேரம் என்று குறித்தார்கள். அதே கடை, அதே அரிசி, கூட்டம் மட்டும் குறைந்தது. பெண்களின் ஜன்தன் கணக்கில் 500 ரூபாய் போட்டபோதும் அப்படியே. கணக்கு எண் 0 அல்லது 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3, அடுத்த இரண்டு எண்களுக்கு ஏப்ரல் 4 என்று பிரித்துவிட்டார்கள். பாங்கியும் திறந்திருந்தது, பணமும் கைக்கு வந்தது.

மதகைத் திறக்கிறவர்

ஏரி நிரம்பியிருக்கும்போது நீர்க்கட்டி மதகை ஒரே மூச்சில் மேலே தூக்குவதில்லை. கொஞ்சம் திறப்பார், கால்வாய்க் கரை தாங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு இன்னும் கொஞ்சம் திறப்பார். தொற்று நோயில் இது இன்னும் அவசியம். ஏனென்றால் இன்றைக்குத் திறந்ததன் பலன் இன்றைக்குத் தெரியாது. கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாகத் தலைகாட்ட இரண்டு முதல் 14 நாள் வரை ஆகும். ஆஸ்பத்திரிப் படுக்கை நிறைவது அதற்கும் பின்னால். "கடை திறந்து ஒரு வாரமாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வது, விதைத்த மறுநாள் வயலைப் பார்த்துவிட்டு முளைக்கவில்லை என்பது போல. ஊரடங்கை ஒரு வாரம், இரண்டு வாரம் என்று துண்டு துண்டாக நீட்டியது அரசாங்கத்துக்கு மனம் வராததால் அல்ல.

2021-இல் இரண்டாம் அலை. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு நோய் உறுதியானது. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. மே 24 முதல் மளிகைக் கடையும் இல்லாத முழு ஊரடங்கு. காய்கறி மட்டும் வண்டியில் வீதிக்கு வந்தது. அத்தகைய நேரத்தில் மூடுவதைத் தவிர வழியில்லை என்பதே என் உறுதியான கருத்து. படுக்கை கிடைக்காமல் போனால் கொரோனா நோயாளி மட்டுமா சாகிறார்? பாம்பு கடித்தவரும், பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்ட தாயும்கூட அதே கதவைத்தான் தட்டுகிறார்கள். பிறகு ஜூன் 7 முதல் தளர்வு கொடுத்தபோது, நோய் அதிகமாக இருந்த 11 மாவட்டங்களுக்குக் குறைவாகவும், மற்ற 27 மாவட்டங்களுக்குக் கூடுதலாகவும் திறந்தார்கள். எல்லா மதகையும் ஒரே அளவு தூக்க வேண்டியதில்லை என்று அதற்குள் பாடம் படித்திருந்தோம்.

மூடியதற்கு யார் கட்டினார்கள்?

மூடுவது இலவசம் அல்ல. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அப்போதும் தேயாமல் வளர்ந்தது விவசாயம். ஆனால் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய் வாரக் கூலியில் அரிசி வாங்குகிற வீட்டுக்கு அந்தக் கால் பங்கு முழுப் பங்காகவே விழுந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருந்தபடி கையெழுத்துப் போடலாம். மண்வெட்டி பிடிக்கிறவர் வீட்டில் இருந்தபடி வரப்பு வெட்ட முடியுமா? ஆகவே "வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லும்போது, வீட்டில் உலை கொதிக்க வழியும் கூடவே சொல்லியாக வேண்டும். உதவித் தொகை தர்மம் அல்ல. அது நோய்த் தடுப்பு வேலையில் ஒரு பாகம்.

பிள்ளைகள் கட்டிய விலை இன்னும் பெரியது. 2020 மே 7 அன்று சென்னைக்கு வெளியே மதுக்கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 16 அன்று மறுபடி திறந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததோ 2021 நவம்பர் 1 அன்று. "எது அவசியம்னு யாருங்க முடிவு பண்றது?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்கள் திண்ணையில் பாடம் நடத்தியது 2021 அக்டோபரில் தொடங்கியது. மரத்தடியில் இருபது பிள்ளைகள் உட்காருவது காற்றோட்டமான விஷயம். அது முன்னமே வந்திருக்கலாம்.

உங்கள் வீட்டு மதகு

அரசு மாவட்டத்துக்கு விதி போடும். வீட்டுக்குள் விதி போடுவது நீங்கள் இருவரும்தான். அந்த நாட்களில் இப்படிப்பட்ட பேச்சைப் பல வீட்டில் கேட்டிருப்பீர்கள்:

"என்னங்க, கம்பெனி திறந்துட்டாங்களாம். போகத்தான் போறீங்களா?"

"போகலேன்னா வட்டிக்காரன் விடுவானா? கையில இருக்கிறது பத்து நாளைக்குத்தான் வரும்."

"அத்தைக்குச் சக்கரை இருக்கு. எனக்கு ஏழாம் மாசம்."

இதில் யார் சொல்வதும் பொய்யில்லை. ஒருவர் வாயை மற்றவர் அடக்கினால் முடிவு கிடைக்காது. மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். கையிருப்பு எத்தனை நாளைக்கு? வேலை நடக்கும் இடம் திறந்தவெளியா, ஜன்னல் சாத்திய கொட்டகையா? வீட்டில் வயதானவர், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி யார்? வேலைக்குப் போயே தீரவேண்டும் என்றால், போகிறவர் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ படுக்கட்டும். அம்மாவோடு ஒரே அறையில் வேண்டாம். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டிருந்தால் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ளுங்கள். கொரோனாவில் அந்த அனுமதி 2021 ஜூலை 2 அன்று வந்தது; அதற்குப் பிறகும் பயந்து தள்ளிப்போட்டவர்கள் அநேகர்.

காய்ச்சலை மட்டும் மறைக்காதீர்கள். கூலி போய்விடுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒருவரால் ஒரு கொட்டகையே மூடப்படும். மேஸ்திரிகளும் முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல்காரருக்கு ஐந்து நாள் கூலி கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது, முப்பது பேர் வேலையைப் பதினைந்து நாள் நிறுத்துவதைவிட மலிவு.

மூடவே கூடாத கதவு

ஊரடங்கில் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவே அஞ்சினார்கள். தட்டம்மைத் தடுப்பூசி தவறினால் கொரோனாவைவிட வேகமாகப் பரவுகிற நோய்க்குப் பிள்ளையைத் திறந்து விடுகிறோம். ஒரு தட்டம்மைப் பிள்ளை, தடுப்பூசி போடாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்க வல்லது. காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். பிரசவ வலி ஊரடங்கு பார்த்து வருவதில்லை. 108-க்கு எந்த நாளும் போன் செய்யலாம்.

குடும்பநலமும் அப்படியே. பல இடங்களில் கருத்தடை அறுவை சிகிச்சை நின்றுபோனது. "கொஞ்ச நாள்தானே" என்று இருந்த தம்பதியர் சிலர் எதிர்பாராத கர்ப்பத்தோடு வந்தார்கள். வருமானம் நின்றிருக்கிற மாதத்தில் அது அந்தத் தாய்க்கு எத்தனை பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. தொற்று நோய்ச் செய்தி வந்த உடனேயே, அரிசி பருப்பு வாங்கி வைப்பது போல், நிரோத்தோ கருத்தடை மாத்திரையோ மூன்று மாதத்துக்குக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கணவரும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தரா ஊசி போடுகிறவர்கள், மூன்று மாதத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவும் போட்டுக்கொள்ளலாம், நாலு வாரம் வரை பிந்தியும் போட்டுக்கொள்ளலாம். பஸ் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் முன்னதாகவே போய்விடுங்கள். அடுத்த தேதி உங்கள் அட்டையில் எழுதியிருக்கும். அதைச் சுவர்க் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.