நெஞ்சு வலி: வாயுவா, மாரடைப்பா, வலை இழுத்த வலியா?

பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். கழி ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். கழியைச் சேற்றில் குத்தி, தோளையும் மாரையும் கொடுத்து நெட்டுகிறவர், உடம்பைத் திருகி வீச்சுவலை எறிகிறவர், பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் மார்க்கூட்டுக்கு ஓயாத வேலை. விலா எலும்புகள் நடுமார்பு எலும்போடு குருத்தெலும்பால் இணைகின்றன. அந்த இணைப்போ, விலாக்களுக்கு இடையிலுள்ள தசையோ அளவுக்கு மீறி இழுபட்டால் நோகும். இது உயிருக்கு ஆபத்தில்லாத வலி, செலவில்லாமல் தீரக்கூடியது. ஆனால் அது இந்த வலிதானா என்று முடிவு செய்வதில்தான் ஊரில் பல தப்பெண்ணங்கள்.

நம்பிக்கை 1: "வாயு புடிச்சிருக்கு. ஒரு சோடா குடிச்சா எறங்கிடும்."

உண்மை: வயிற்றிலுள்ள வாயு விலா இடுக்கில் போய் உட்காருவதில்லை. இழுபட்ட தசை, கையைத் தூக்கும்போதும், இருமும்போதும், மூச்சை ஆழமாக இழுக்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் சுரீரென்று குத்தும். சோடாவுக்கு அது அடங்காது. இன்னொரு பக்கம், இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் தடைபடும் மாரடைப்பு, மேல்வயிற்று எரிச்சலும் வாந்தியுமாகவே வரலாம். அப்போது சோடாவும் ஓமத் தண்ணீருமாக வீணாகும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை 2: "இடது பக்கம் வலிச்சா மாரடைப்புதான்."

உண்மை: பக்கத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறவருக்குப் பெரும்பாலும் மார்க்கூட்டு வலி. பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான விலாக்கள் மார்பு எலும்பைத் தொடும் இடத்தில் அழுத்தினால், "இதே வலிதான்" என்பார். மாரடைப்புக்காரர் உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு நெஞ்சில் வைப்பார். பாறாங்கல்லை வைத்தாற்போல் அழுத்தும். தோள், கை, தாடை, முதுகு என்று பரவும். குப்பென்று வியர்க்கும், மூச்சு வாங்கும்.

நம்பிக்கை 3: "அமுக்கினா வலிக்குது, அப்போ இதயம் இல்ல."

உண்மை: படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. அழுத்தினால் வலிப்பது மாரடைப்புக்கான வாய்ப்பைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. நாளெல்லாம் வலை இழுக்கிறவருக்கு மாரில் எங்கே அமுக்கினாலும் கொஞ்சம் நோகும். அவருக்கே மாரடைப்பும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் அசதி, மூச்சுத் திணறல், குமட்டல் என்றும் வரும். ஆகவே நாற்பதைக் கடந்தவர், பீடி சிகரெட் பிடிப்பவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் முதலில் இ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் தைலத்தைத் தேட வேண்டும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினைப் பார்ப்பார்கள். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 108-ஐ அழையுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தானே பொன்னேரிக்கு ஓட்டிப் போகக் கூடாது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய முதலுதவி மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

நம்பிக்கை 4: "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அப்புறம் எப்படி வலிக்கும்?"

உண்மை: குருத்தெலும்பின் நோவும் தசை இழுபட்டதும் எக்ஸ்ரேயில் தெரியாது. மருத்துவரின் விரல்தான் கண்டுபிடிக்கும். அடிபட்டிருந்தாலோ, காய்ச்சல் இருமல் இருந்தாலோ எக்ஸ்ரே தேவை. இணைப்பில் வலியோடு வீக்கமும் இருந்தால் அது டீட்சே நோய். ஜெர்மன் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921-இல் விவரித்தது. அதுவும் தானே தணியக்கூடியதுதான்.

நம்பிக்கை 5: "சுளுக்கு வழிச்சா சரியாயிடும்."

உண்மை: நொந்த விலாவில் எண்ணெய் போட்டு அழுத்தி வழித்தால் நோவு கூடும். படகு விளிம்பில் மோதி விலாவில் கீறல் விழுந்திருந்தால் எலும்பு விலகவும் கூடும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பினால் அது சுளுக்கு அல்ல, அக்கி. செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வதோடு நிற்காமல், கொப்புளம் கண்ட 3 நாளுக்குள் மருத்துவரிடம் போனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நல்ல பலன் தரும்.

நம்பிக்கை 6: "ஒரு ஊசி போட்டுக்கிட்டா நாளைக்கே தொழிலுக்குப் போயிடலாம்."

உண்மை: ஏரியின் நல்ல இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கத்தில், தன் முறையை விட்டவருக்கு அன்றைய வரும்படி போச்சு. ஊசிக்கு அவசரப்படுவது அதனால்தான். ஊசி வலியை மறைக்கும், இழுபட்ட தசையை ஆற்றாது. ஆறச் சில வாரம் ஆகலாம். அதுவரை பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள். டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்றவற்றை உணவுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன சில நாளுக்கு மட்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு இவை ஆகாது. நாள் முழுக்க வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பவரின் சிறுநீரகத்தையும் இவை பதம் பார்க்கும்.

அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. கழி ஊன்றுவதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வலையிலிருந்து மீன் பிரிக்கலாம். வலி குறைந்ததும், வாசல் நிலையில் இரு கைகளையும் ஊன்றி மெல்ல முன்னால் சாய்ந்து மார்த் தசையை நீட்டிவிடலாம். சில வாரத்தில் தணியாவிட்டாலோ, காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் சேர்ந்தாலோ மறுபடி மருத்துவரைப் பாருங்கள். அப்போது காசநோயா என்று அறியும் சளிப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.