மிகையுணர்ச்சியும் கரிசல் எழுத்தும்

உணர்ச்சி அளவு மீறுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் வழங்கினும், அவை ஒரே குற்றத்தைச் சுட்டுவன அல்ல என்பதை எழுதிப் பழகியோர் அறிவர். காரணத்தின் தகுதிக்கு மேல் உருகுவது ‘சென்டிமென்டல்’; குடிவெறியில் தன்னிரக்கம் பொங்கி அழுவது ‘மாட்லின்’; குமட்டுமளவு தித்திப்பது ‘மாகிஷ்’; நல்லோர் தீயோர் எனப் பிரித்து, நிகழ்ச்சிகளையே முறுக்கி அழவைப்பது ‘மெலோட்ராமா’. இவற்றுள் மாட்லின், ஐரோப்பிய ஓவியங்களில் அழுத முகத்துடன் வரையப்பட்ட மகதலா மரியாளின் பெயரிலிருந்தும், மாகிஷ், புழுவைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்தும் பிறந்தவை. தமிழ்ப் பேச்சிலோ இவை யாவும் ‘சென்டிமென்ட்’ என்ற ஒரே கடன்சொல்லுக்குள் அடங்கிவிட்டன. போதாக்குறைக்குத் திரையுலகில் அச்சொல் சகுனம் பார்ப்பதற்கும் பெயராகிவிட்டது.

தன் எழுத்தைத் தானே திருத்த அமர்பவர்க்கு இப்பாகுபாடு பெரிதும் உதவும். பாத்திரம் தன்னைப் பற்றியே புலம்பும் வரிகளை நீக்கினால் மாட்லின் அடங்கும். ‘நெஞ்சு வெடிக்க’, ‘கண்ணீர் மல்க’ போன்ற அடைகளைக் களைந்தால் மாகிஷ் குறையும். ஆனால் மெலோட்ராமா கதைப்போக்கிலேயே ஊறிய நோயாதலால், சொல்லைத் திருத்திப் பயனில்லை, நிகழ்ச்சியையே மாற்றியாக வேண்டும்.

மிகுதி எல்லாம் குற்றமாகிவிடாது என்பதற்குக் கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் எனப் பரந்த கரிசல் நிலத்தின் ஒப்பாரியே சான்று. இழவு வீட்டில் தோளில் கைபோட்டு வட்டமாக அமரும் பெண்கள், இறந்தவரைத் தங்கமென்றும் மாணிக்கமென்றும் பாடி அழுவது கூட்டிச் சொல்வதுதான். எனினும் பிறந்த வீட்டில் அண்ணன் மனைவியிடம் பட்ட அவமதிப்பும், கைவிட்டுப் போன பழைய வாழ்வும், அடுப்பெரியாத நாட்களும் அதே பாட்டுக்குள் வந்து விழுவதால், அழுகைக்குரிய காரணம் கேட்போர் கண்முன் நிற்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை ஆகிய இந்நான்கும் ஓர் ஒப்பாரியிலேயே கூடிவிடுவதுண்டு. காரணமின்றிக் கண்ணீரை மட்டும் காட்டும் எழுத்தைத்தான் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று ஊர் சொல்லும்.

ஒப்பாரியின் இந்த மிகுதிக்கு எதிர்முனையில் நிற்பவர் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி. அவருடைய ‘அன்பளிப்பு’ கதையில், வேறு பிள்ளைகளுக்கு டைரி பரிசளித்த கதைசொல்லியைச் சாரங்கன் என்ற சிறுவன் வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். தானே வாங்கி வைத்திருந்த டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அவர் எழுதித் தருவதோடு கதை முடிந்துவிடுகிறது. பிள்ளை மனத்தின் ஏக்கத்தை எடுத்துரைக்கும் பத்தி ஏதும் பின்தொடர்வதில்லை. சுமாரான கையில் அப்படியொரு பத்தி கட்டாயம் முளைத்திருக்கும், அதுவே கதையைக் கெடுத்துமிருக்கும். இக்கதையின் பெயர் தாங்கிய தொகுப்புக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அழகிரிசாமி உயிரோடு இல்லை.

எழுதத் தொடங்குவோர் தம் கதையின் கடைசிப் பத்தியை ஒருமுறை கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்ப்பது நலம். அது இல்லாமலே கதை முடிந்துவிட்டதாகத் தோன்றினால், அதைத் தயங்காமல் அடித்துவிடலாம்.