உழைப்பாளரைத் தீட்டிய ஓவியர் மில்லே

அரசரையும் செல்வரையும் தீட்டிய ஓவியர் பலர். வயலில் வியர்வை சிந்துவோரைத் தீட்டி உலகப் புகழ் பெற்றவர் ழான் பிரான்சுவா மில்லே.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில், குருஷி என்னும் கடலோரச் சிற்றூரில், 1814ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் இவர் பிறந்தார். இளமையில் தந்தையுடன் ஏர் உழுதார், விதை விதைத்தார், கதிர் அறுத்தார். இவர்தம் திறமையைக் கண்ட செர்பூர் நகரம் உதவித்தொகை வழங்க, 1837இல் பாரிசு சென்று ஓவியம் பயின்றார். உருவப்படங்கள் வரைந்து வறுமையோடு போராடினார். 1849இல் பார்பிசோன் என்னும் காட்டோரக் கிராமத்தில் குடியேறினார்.

1857இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘கதிர் பொறுக்குவோர்’ இவருடைய புகழ்மிக்க ஓவியமாகும். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்குகின்றனர். தொலைவில் மலைபோல் போர்கள். குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். அப்பெண்களின் முகங்கள் தெளிவாகத் தெரியவில்லை. வளைந்த முதுகுகளே அவர்தம் வாழ்க்கையைக் கூறுகின்றன. ஏழையரை இத்துணைப் பெருமிதத்துடன் தீட்டுவதா என்று சிலர் சினந்தனர். மில்லே தம் வழியினின்று மாறவில்லை.

இயற்கையையும் இவர் நேசித்தார். ‘இளவேனில்’ என்னும் ஓவியத்தில், மழை ஓய்ந்த பழத்தோட்டத்தின்மீது வானவில் ஒளிர்கின்றது.

1868இல் பிரெஞ்சு அரசு இவருக்கு உயரிய விருது வழங்கியது. 1875இல் இவர் மறைந்தார். மேற்கூறிய இரண்டு ஓவியங்களும் இன்று பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தை அணிசெய்கின்றன.

மாணவர்களே! உங்கள் வரைதாளில் மலையும் கதிரவனும் மட்டும் போதுமா? விடியுமுன் வேலைக்குப் புறப்படும் உங்கள் பெற்றோரையும் உற்று நோக்கி வரையுங்கள். உழைக்கும் கைகளைவிட உயர்ந்த ஓவியப் பொருள் வேறில்லை.