கணிப்பொறிக் கோட்டையின் கதவு யார் கையில்?



செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் ஒரு வீடு. அதன் மாடியில் ஒரு சிறிய அறை. சுவர்களில் பழைய மெத்தைகளையும் கெட்டித் துணிகளையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணிப்பொறி, ஒரு மைக், சவுண்ட் கார்டு என்று கடைகளில் அழைக்கப்படும் ஒரு சிறு பெட்டி. இவ்வளவுதான் அங்குள்ள கருவிகள். உங்கள் அண்ணன் நடத்தும் வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் அது என்று வைத்துக்கொள்வோம்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு இன்னும் மூன்றே நாள். அதற்குள் ஒரு பக்திப் பாடலை முடித்துக் கொடுக்க வேண்டும். பம்பைக் கலைஞரும் உடுக்கைக் கலைஞரும் கீழே திண்ணையில் காத்திருக்கிறார்கள். அப்போது திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது: ‘புதிய பதிப்பு ஆயத்தமாக உள்ளது. இப்போதே நிறுவலாமா? இன்றிரவு நிறுவலாமா?’ வேண்டாம் என்று சொல்ல அதில் பொத்தானே இல்லை. அண்ணன் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால், கணிப்பொறியை அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையுடன் விழுக்காட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! இரண்டு மணி நேரம் கழித்துக் கணிப்பொறி விழித்தபோது அதற்குச் சவுண்ட் கார்டை அடையாளம் தெரியவில்லை. திண்ணையில் இருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இந்த வீடு கற்பனை. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்மையில் நடந்தவை. அவை ஏன் நடக்கின்றன, அவற்றை எப்படித் தடுப்பது, எந்த இடத்தில் தடுக்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறிக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எந்த வேலைக்கு எப்போது முறை, எவ்வளவு நினைவகம், எந்தக் கருவி என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல்தான் இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இத்தகையவை. பாடலைப் பதிவு செய்யும் நிரல் நேரடியாக மைக்குடன் பேசுவதில்லை. அது இயங்குதளத்திடம் கேட்கும். இயங்குதளம் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி நிரல் மூலமாகச் சவுண்ட் கார்டிடம் கேட்கும். டிரைவரை ஒரு துபாஷியாகக் கருதலாம். கருவியின் மொழியும் இயங்குதளத்தின் மொழியும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இயங்குதளம் தன் பேச்சை மாற்றிக்கொண்டால் பழைய துபாஷி விழிப்பார். அண்ணன் வீட்டில் நடந்தது இதுதான்.

ஒலிப்பதிவுக்கு மட்டும் ஏன் இத்தனை நுட்பம்?

கடிதம் தட்டச்சு செய்யும்போது கணிப்பொறி அரை நொடி தயங்கினால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒலிப்பதிவில் நூற்றில் ஒரு பங்கு நொடித் தயக்கமும் காதில் உறைக்கும். காரணத்தைப் பாருங்கள்.

மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. ஓர் ஒலியலையை எண்களாக மாற்ற வேண்டுமானால், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலான தடவைகள் அதை அளந்து குறிக்க வேண்டும். ஆகவேதான் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள் எடுக்கப்படுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் கையாள முடியாதாகையால், கணிப்பொறி 128 அல்லது 256 அளவுகளை ஒரு கூடையில் சேர்த்து அள்ளுகிறது. இக்கூடைக்கு ‘பஃபர்’ என்று பெயர்.

256 அளவுகள் கொண்ட கூடை நிரம்ப எவ்வளவு நேரமாகும்? 256ஐ 44,100ஆல் வகுத்தால் 0.0058 நொடி, அதாவது 5.8 மில்லிநொடி. உள்ளே வர ஒரு கூடை, வெளியே போக ஒரு கூடை என்றால் 11.6 மில்லிநொடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே பாடகர் தம் குரலையே காதுக்கருவியில் கேட்கும்போது, சுமார் 4 மீட்டர் தொலைவிலிருந்து வருவது போன்ற தாமதத்துடன் கேட்பார். கூடையைப் பெரிதாக்கினால் தாமதம் கூடும், தாளம் தவறும். சிறிதாக்கினால் கணிப்பொறி ஒவ்வொரு கூடையையும் குறித்த நேரத்தில் தவறாமல் காலி செய்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை தவறினாலும் ‘டிக்’ என்ற வெடிப்பொலி பதிவில் விழும்.

இத்தகைய கணிப்பொறியைச் சீராக அமைக்கச் சில நாட்கள்கூடப் பிடிக்கும். புதிய பதிப்பு வந்து பின்னணி வேலைகளைக் கூட்டினாலோ, மின்சிக்கன அமைப்பை மாற்றினாலோ, டிரைவரை மாற்றினாலோ அந்தச் சீர் குலைந்துவிடும்.

வரலாறு கூறும் நிகழ்ச்சிகள்

வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் என்பது நமக்குப் புதிதன்று. ஏ. ஆர். ரகுமான் 1989ஆம் ஆண்டில் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் ‘பஞ்சதன் ரெகார்ட் இன்’ என்னும் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்குதான் உருவாயிற்று. அன்று பெருஞ்செலவு பிடித்த வேலையின் பெரும்பகுதியை இன்று ஒரு மடிக்கணினி செய்துவிடுகிறது. ஆனால் மடிக்கணினியின் இயங்குதளம் வேறொருவர் கையில் இருக்கிறது.

2015 சூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10ஐ வெளியிட்டது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோருக்கு ஓராண்டுக் காலம் அது இலவசம் என்று அறிவித்தது. நினைவூட்டும் அறிவிப்புகள் மீண்டும் மீண்டும் திரையில் தோன்றின. 2016ஆம் ஆண்டில், நிறுவும் நேரத்தைக் குறித்துக் காட்டிய அறிவிப்பைப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் புதிய பதிப்பு ஏறிவிடும் என்ற நிலை வந்தது. பெருக்கல் குறி என்றால் ‘வேண்டாம்’ என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்? எதிர்ப்புக் கிளம்பவே, அந்த ஆண்டு சூன் மாத இறுதியில் நிறுவனம் இம்முறையை மாற்றியது. கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்துவந்த ஒருவர், கேளாமல் வந்த பதிப்பால் தம் கணிப்பொறி பழுதானதென வழக்குத் தொடுத்து 10,000 டாலர் பெற்றார். அம்முயற்சியில் எல்லை மீறிவிட்டோம் என்று நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2018 அக்டோபரில் வந்த ஒரு பெரிய விண்டோஸ் பதிப்பு, சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று மறுபடி வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட ‘கேட்டலினா’ என்னும் பதிப்பு 32 பிட் நிரல்களை அறவே ஏற்கவில்லை. அதனால் பழைய இசை நிரல்கள் பல ஒரே நாளில் பயனற்றுப் போயின.

மறுபக்கத்தையும் பாருங்கள்

இவற்றைப் படித்தவுடன், ‘இனி எந்த மாற்றத்தையும் ஏற்கவே கூடாது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2017 மே 12 அன்று ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது அது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. வேதனை என்னவென்றால், அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் பலர் அதை ஏற்றவில்லை!

ஆகவே இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, பாதுகாப்புத் திருத்தம். வீட்டுக் கூரையில் விழுந்த ஓட்டையை அடைப்பது போன்றது இது. மற்றொன்று, பதிப்பு உயர்வு. வீட்டையே இடித்துப் புதிதாகக் கட்டுவது போன்றது. முதலாவதைத் தாமதிக்கலாகாது. இரண்டாவதை எப்போது செய்வது என்பதை வீட்டில் குடியிருப்பவரே முடிவு செய்ய வேண்டும். சில வேளைகளில் முதலாவதும் தொல்லை தருவதுண்டு. அதற்காகத்தான் படி எடுத்து வைத்தல் என்னும் பழக்கம் தேவைப்படுகிறது.

செஞ்சிக் கோட்டை தரும் பாடம்

2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இராசகிரி உச்சிக்கு ஏறும் வழியில் பாறையில் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடுகிறது. பாலத்தைக் கடந்துதான் உச்சிக் கோட்டைக்குள் நுழைய முடியும். பாலத்தை எடுத்துவிட்டால் எவராலும் உள்ளே வர இயலாது. ஒலிப்பதிவுக்கென்றே தனியாக ஒரு கணிப்பொறி வைத்து, அதை இணையத்தோடு இணைக்காமல் இருப்பதும் இப்படித்தான். கேளாத பதிப்பும் வராது, இணையத்தின் வழித் தீநிரலும் வராது. ஆனால் பென் டிரைவ் என்பதும் ஒரு பாலமே என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு பாடமும் உண்டு. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த கோட்டையும் முடிவில் வீழ்ந்தது. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் இராசாராம் அதற்கு முன்பே வெளியேறி வேலூரை அடைந்துவிட்டார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018க்கு முன் வந்த பெரும்பாலான கணிப்பொறிகளை ஏற்பதில்லை. பழைய இயங்குதளத்தைக் காலமெல்லாம் காக்க முடியாது. வெளியேறும் வழியை முன்கூட்டியே ஆயத்தம் செய்வதுதான் அறிவுடைமை.

நீங்கள் செய்யக்கூடியவை

1. அறிவிப்பு எதுவானாலும் முழுவதும் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அவசரத்தில் மூடுவது சம்மதமாகிவிடக் கூடும்.

2. முக்கிய வேலை நடக்கும் வாரத்தில் பதிப்பு உயர்வை நிறுத்தி வையுங்கள். 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வீட்டு விண்டோஸிலும் 35 நாட்கள் வரை ஒத்திவைக்க இடமுண்டு. வைஃபையை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்து வைத்தால், பெரும்பாலான பதிவிறக்கங்கள் தாமாக நடைபெறா.

3. பதிப்பை உயர்த்து முன் வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் படி எடுங்கள். பாடல் கோப்புகளுக்குத் தனியாக இரண்டு படிகள் இருக்கட்டும். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

4. சவுண்ட் கார்டு செய்த நிறுவனத்தின் தளத்தில், புதிய பதிப்புக்கு டிரைவர் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் காத்திருங்கள்.

5. விண்டோஸில் பதிப்பை உயர்த்திய பின் வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆகவே முதல் நாளிலேயே ஒரு பதிவு செய்து சோதித்துவிடுங்கள்.

6. திருத்தங்களை அடியோடு நிறுத்தித் தருவதாகச் சொல்லும் பெயர் தெரியாத நிரல்களை நம்பாதீர்கள். கதவைக் காக்க வந்தவனே திருடனாக இருக்கலாம்.

7. லினக்ஸையும் முயன்று பாருங்கள். அதில் பதிப்பு உயர்வின் நேரத்தை நாமே முடிவு செய்யலாம். உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வரும். நேரந்தவறாமல் வேலை முடிப்பதற்கான சிறப்பு வசதி 2024இல் வந்த லினக்ஸ் 6.12இல் மையக் கருவிலேயே சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவுக்கு ஆர்டர், அடாசிட்டி போன்ற நிரல்கள் அதில் இயங்கும். உங்கள் சவுண்ட் கார்டு அதனுடன் ஒத்துப்போகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கதைக்கு வருவோம். அவர் படி எடுத்து வைத்திருந்தால், பழைய வட்டை ஏற்றி அன்றிரவே பம்பையைப் பதிவு செய்திருப்பார். எடுக்காமல் போனதால் திண்ணையில் இருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லவேண்டியதாயிற்று. நாள்கூலி இழந்து வந்த கலைஞர்களுக்கு ஒரு நாள் என்பது சிறிய இழப்பன்று. கணிப்பொறியில் நடக்கும் ஒரு மாற்றம், கணிப்பொறியையே தொடாத மனிதர்களையும் பாதிக்கிறது. நம் கருவியில் எது, எப்போது மாற வேண்டும் என்பதை அறிந்து முடிவு செய்யும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையோடு, வேண்டிய திருத்தத்தைக் காலத்தில் ஏற்றும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்

அ) நொடிக்கு 48,000 அளவுகள் எடுக்கும்போது, 480 அளவுகள் கொண்ட கூடை நிரம்ப எத்தனை மில்லிநொடி ஆகும்? அதற்குள் ஒலி காற்றில் எவ்வளவு தூரம் செல்லும்?

ஆ) ஓர் அளவுக்கு 3 பைட், நொடிக்கு 44,100 அளவுகள். 8 மைக்குகளில் 5 நிமிடப் பாடலைப் பதிந்தால் எத்தனை மெகாபைட் தேவை? 16 ஜிகாபைட் பென் டிரைவில் இத்தகைய பாடல்கள் எத்தனை அடங்கும்?

விடைகள்: அ) 10 மில்லிநொடி, 3.4 மீட்டர். ஆ) ஏறத்தாழ 318 மெகாபைட், சுமார் 50 பாடல்கள்.