பாங்காங் வழியில் பார்த்த பியா

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு லடாக் போயிருந்தோம். பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில், புல்தரையில் பூனையைவிடப் பருமனாக ஒரு பிராணி. டிரைவர் ‘பியா’ என்றார். என் மகன் நீட்டிய பிஸ்கட்டை வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்துத் தின்றது. இது பெருச்சாளி வகையா? மரமே இல்லாத இடத்தில் பனிக்காலத்தை எப்படிக் கழிக்கும்? பிஸ்கட் கொடுத்ததற்குக் கூட வந்தவர் கோபித்துக்கொண்டார். அப்படி என்ன தப்பு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெருச்சாளி இல்லை, அணில் குடும்பம். இரண்டு கைகளாலும் பிடித்துத் தின்றது அணிலை நினைவூட்டியிருக்குமே! இமயமலை மர்மோட் என்பது பெயர். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மலை அணில் மரத்தைவிட்டு இறங்க யோசிக்கும். இது மண்ணைத் தோண்டி வாழும். நமக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிற உயரத்தில், 3,500 மீட்டருக்கு மேலேதான் அதற்குக் குடித்தனம்.

பனிக்காலத்தைத் தூங்கியே கழிக்கும். ஆறு மாதத்துக்குக் குறையாத தூக்கம். வளைக்குள் காய்ந்த புல்லைப் பரப்பி, வாசலை மண்ணும் கல்லும் வைத்து உள்ளிருந்தே அடைத்துவிட்டு, குடும்பம் மொத்தமும் ஒன்றையொன்று ஒட்டிச் சுருண்டுகொள்ளும். உடம்பு சில்லிட்டுப்போகும். இதயம் நிமிடத்துக்குச் சில தடவைதான் துடிக்கும். நடுநடுவே விழித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி தூங்கும். அத்தனை நாளும் சாப்பாடு கிடையாது. கோடையில் புல்லும் பூண்டும் மேய்ந்து சேர்த்த கொழுப்புதான் கைமுதல். நீங்கள் பார்த்த பருமன், அந்தச் சேமிப்பு.

வளை வாசலில் தோண்டிய மண் மேடாகக் குவிந்திருக்கும். இந்தியாவில் நரியைவிடப் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டித் தள்ளுவதாக, சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். அந்த ‘எறும்பு’ மர்மோட்தான் என்று வாதிட்டவர் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் பெய்சல். சிந்து நதிக்கரை மேட்டுநிலத்தில் மர்மோட் தள்ளிய மண்ணிலிருந்து மக்கள் பொன்துகள் சேர்த்தார்களாம். மகாபாரதமும் சபா பருவத்தில் எறும்புப் பொன்னைப் பற்றிப் பேசுகிறது. அந்த எறும்பு மர்மோட்தான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல. எனக்கென்னவோ நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது பிஸ்கட் வழக்கு. உங்களோடு வந்தவர் கட்சிதான் என் கட்சி. மர்மோட்டின் உயிர் அதன் பயத்தில் இருக்கிறது. மேயும்போதே ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று நாலாபக்கமும் பார்க்கும். கழுகோ ஓநாயோ பனிச்சிறுத்தையோ தென்பட்டால் கீச்சென்று சீட்டியடிக்கும். அடுத்த கணம் புல்தரையில் ஒன்றும் இருக்காது. பிஸ்கட்டுக்குப் பழகிய மர்மோட் இந்தப் பயத்தை இழக்கும். கார் சத்தம் கேட்டால் வளைக்கு ஓட வேண்டியது, சாலைக்கு ஓடி வரும். சர்க்கரையும் மைதாவும் புல் தின்னும் வயிற்றுக்கு ஆகாதவை என்பது வேறு.

உங்கள் பக்கத்துக்கும் ஆபத்து உண்டு. வெட்டுப்பல் விரலைப் பதம் பார்த்துவிடும். மர்மோட்டுகள் பிளேக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. 2019இல் மங்கோலியாவில் மர்மோட் மாமிசத்தைப் பச்சையாகத் தின்ற தம்பதி பிளேக்கில் இறந்தார்கள். தூர நின்று பார்ப்பவருக்கு இந்தப் பயம் வேண்டாம். உங்கள் மகன் ஊர் திரும்பி நன்றாக இருக்கிறான் என்றால் கலங்காதீர்கள்.

மறுபடி போனால் வண்டியைத் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சீட்டியை மகன் கேட்கட்டும். பிஸ்கட்டை அவனே தின்னட்டும்.